உங்களுக்குத் தெரியுமா? கண்டிச் சந்தைக் கூடையில் கிளை கூடிய குடும்பங்கள்

பாடப்புத்தகத்தில் பரிணாமம் என்றதும் ஒரு மரத்தை வரைந்திருப்பார்கள். கிளை பிரியும், பிரிந்த கிளை மறுபடி பிரியும், ஆனால் திரும்பிச் சேராது. தாவரங்களைப் பொறுத்தவரை இந்தப் படம் பாதி உண்மைதான். எப்போதோ பிரிந்துபோன இரண்டு இனங்கள் மறுபடி கூடி மூன்றாவது இனத்தைப் பெற்றிருக்கின்றன. சில வேளைகளில் நிறமூர்த்தத் தொகுதி முழுவதுமே இரட்டித்திருக்கிறது. கண்டி மத்திய சந்தை, பேராதனைப் பூங்கா, மலைச்சரிவுகள், நம் அடுக்களை என்று எங்கும் இதற்குச் சான்றுகள் கிடக்கின்றன.

1. தாளிதக் கடுகுக்குள் ஒரு கூட்டல் கணக்கு

எண்ணெயில் வெடிக்கும் கடுகின் கலத்தில் 36 நிறமூர்த்தங்கள் உண்டு. அதன் பெற்றோரில் ஒன்றான கருங்கடுகுக்கு 16. மற்றது டர்னிப்பும் சீனக் கோவாவும் அடங்கிய பிராசிக்கா ராபா இனம், அதற்கு 20. கூட்டிப் பாருங்கள், 36. கோவாவுக்கு 18. கருங்கடுகும் கோவாவும் கூடியது 34 கொண்ட எத்தியோப்பியக் கடுகு. கோவாவும் ராபாவும் கூடியது 38 கொண்ட கனோலா எண்ணெய்ச் செடி. மூன்று பெற்றோர், மூன்று பிள்ளைகள். இந்த உறவை 1935இல் ஒரு முக்கோணமாக வரைந்து காட்டியவர் ஜப்பானில் பிறந்த கொரிய வம்சாவளி அறிஞர் நாகஹரு யு. தாவரவியலில் இன்றும் அதற்கு ‘யு முக்கோணம்’ என்றே பெயர்.

2. கலப்புப் பிள்ளை ஏன் மலடாகிறது?

மகரந்தமும் சூலும் உருவாகும்போது நிறமூர்த்தங்கள் சோடி சேர்ந்து பிரியவேண்டும். கோலாட்டத்தில் எதிரே நின்று கோல் தட்ட ஆள் இல்லாவிட்டால் ஆட்டம் குழம்புவதுபோல, இரு வேறு இனங்களிலிருந்து வந்த நிறமூர்த்தங்கள் தம் சோடியைக் காணாமல் தடுமாறும். விதை பிடிக்காது. ஆனால் தற்செயலாகத் தொகுதி முழுவதும் இரட்டித்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சோடி கிடைக்கும். மலட்டுச் செடி விதை தரும். அது பெற்றோருடன் எளிதில் கலக்கவும் முடியாது. ஒரேயொரு தலைமுறையில் புதிய இனம் பிறந்துவிடுகிறது.

3. கோப்பிக்குத் தாய் யார், தகப்பன் யார்?

அரபிக்கா கோப்பி ஒரு கலப்புப் பிள்ளை. நாம் ரொபஸ்டா என்று சொல்லும் கோப்பி ஒரு பெற்றோர். கிழக்கு ஆபிரிக்காவின் யூஜினியோயிடஸ் என்னும் காட்டுக் கோப்பி மற்றது. இரண்டுக்கும் 22 நிறமூர்த்தங்கள், அரபிக்காவுக்கு 44. இந்தச் சேர்க்கை பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததாக 2024இல் வெளிவந்த ஆய்வு கணக்கிடுகிறது. மனிதன் பயிர்செய்யத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே காடு அதை உருவாக்கிவிட்டது.

4. கண்டி மலைகளை மாற்றிய நோயும் அந்தப் பிறப்பும்

1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கன்னொறுவவில் கோப்பித் தோட்டம் திறந்தார். பின்னர் கண்டி மலைகள் முழுவதும் கோப்பியாயின. தமிழகத்திலிருந்து மன்னார் வழியாக நடந்துவந்து, வழியிலேயே பலரை இழந்து, அந்தத் தோட்டங்களை வெட்டித் திருத்தியவர்கள் நம் முன்னோர். 1869இல் இலைகளில் துருநோயின் செம்மஞ்சள் தூள் தோன்றியது. பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளர் துவைட்ஸ் அனுப்பிய இலைகளை இங்கிலாந்தில் ஆராய்ந்து, ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று அந்தப் பூஞ்சைக்குப் பெயரிட்டார்கள். 1880இல் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் நேரில் வந்து இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். ஆனாலும் கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. அரபிக்கா மிகக் குறைந்த கலப்புகளிலிருந்து தோன்றியதால் செடிக்குச் செடி பரம்பரை வேறுபாடு மிகக் குறைவு. ஒரு செடியை வீழ்த்திய பூஞ்சைக்கு அடுத்த செடியில் புதிய தடை எதுவும் இருக்கவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்வைப் புரட்டிய பேரழிவின் ஒரு வேர் அந்தப் பழைய பிறப்பிலேயே இருக்கிறது.

5. மருந்தும் கலப்பிலிருந்தே வந்தது

1920களில் திமோர் தீவுத் தோட்டமொன்றில் துருநோய் தாக்காத ஒரு கோப்பிச் செடியைக் கண்டார்கள். அரபிக்காவும் ரொபஸ்டாவும் அங்கே தாமாகவே கலந்திருந்தன. எதிர்ப்புச் சக்தி ரொபஸ்டா பக்கத்திலிருந்து வந்தது. இன்று உலகெங்கும் பயிராகும் கட்டிமோர் வகைகளின் முன்னோர் இந்தத் திமோர் கலப்பினம்தான். இந்தியாவின் புகழ்பெற்ற எஸ் 795 கோப்பியில் லிபெரிக்கா இனத்தின் பங்கு இருக்கிறது.

6. கோழிக்கூட்டு வாழைக்கு ஏன் விதை இல்லை?

வாழையின் முதல் முன்னோர் இருவர்: மூசா அக்குமினாட்டா, மூசா பல்பிசியானா. இரண்டு இனங்களும் இலங்கையில் காட்டு வாழையாக வளர்கின்றன. அவற்றின் பழத்தில் சதையைவிடக் கருங்கல்போன்ற விதைகளே அதிகம். நாம் உண்ணும் கோழிக்கூடும் புளிவாழையும் முதல் இனத்திடமிருந்து இரண்டு தொகுதிகளையும் இரண்டாம் இனத்திடமிருந்து ஒரு தொகுதியையும் பெற்றவை. சீனிவாழையிலும் மொந்தனிலும் கணக்கு தலைகீழ். எப்படியும் மூன்று தொகுதிகள், 33 நிறமூர்த்தங்கள். மூன்றில் சோடி சேராது, விதையும் பிடிக்காது. பழ, இலை அடையாளங்களைப் புள்ளியிட்டு இந்த வகைப்பாட்டை 1955இல் அமைத்தவர்கள் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் இருவர். தமிழ்நாட்டில் ரஸ்தாளி, பூவன், கற்பூரவல்லி என்று விற்கப்படுபவை முறையே கோழிக்கூடு, புளிவாழை, சீனிவாழைகளின் நெருங்கிய சொந்தங்கள்.

7. மஞ்சளை விதை தூவிப் பெருக்க முடியாது

மஞ்சளுக்கு 63 நிறமூர்த்தங்கள், அதாவது மூன்று தொகுதிகள். பூப் பூத்தாலும் விதையை நம்பிப் பயிர்செய்ய இயலாது, கிழங்கைத்தான் நடவேண்டும். இறக்குமதி தடைப்பட்டு 2020இல் இலங்கையில் மஞ்சள் விலை ஏறியது பலருக்கும் நினைவிருக்கும். உடனே பயிரைப் பெருக்க முடியாமற்போனதற்கு இந்த மும்மடிய இயல்பும் ஒரு காரணம். நடுவதற்கு ஒதுக்கும் கிழங்கை உண்ணவோ விற்கவோ முடியாதல்லவா?

8. ஈரப்பலாவும் அதன் காட்டுச் சொந்தமும்

கண்டி வீட்டுத் தோட்டங்களில் நிற்கும் விதையற்ற ஈரப்பலாவும் மும்மடியம்தான். பசிபிக் தீவு மக்கள் வேர்க்கன்றுகளைப் படகில் ஏற்றித் தீவு தீவாகக் கொண்டுசென்றதால் பிழைத்த மரம் அது. விதை தரும் ஒரு சொந்தம் அதற்கு நம் காட்டிலேயே உண்டு. ஆர்டோகார்பஸ் நோபிலிஸ் என்னும் அந்த மரம் இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. கோப்பி இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிய அதே துவைட்ஸ்தான் அதற்குப் பெயரிட்டார்.

9. கார்த்திகைப்பூவின் நஞ்சு ஒரு கருவி

வேலியில் செம்மஞ்சளாகப் பூக்கும் கார்த்திகைப்பூச் செடியில், தமிழ்நாட்டார் சொல்லும் செங்காந்தளில், கொல்கிசின் என்னும் கடும் நஞ்சு இருக்கிறது. கலம் பிரியும்போது இரட்டித்த நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுக்கும் நார்களை அது உருவாகவிடாது. கலம் பிரியாமலே நின்றுவிடும், தொகுதி இரண்டு மடங்காகிவிடும். 1937இல் அமெரிக்காவில் தாவரவியலாளர் பிளேக்ஸ்லி இதைச் செடிகளில் நிறுவிக் காட்டினார். காடு தற்செயலாகச் செய்ததை மனிதன் நினைத்தபோது செய்யத் தொடங்கியது அதன் பிறகுதான்.

10. விதையில்லா வத்தகப்பழம் எப்படி வந்தது?

கொல்கிசின் கொண்டு வத்தகைச் செடியை நான்மடியம் ஆக்குங்கள். அதைச் சாதாரண வத்தகையுடன் கலந்துவிடுங்கள். கிடைக்கும் பிள்ளை மும்மடியம், பழத்தில் முற்றிய விதை இராது. ஜப்பானிய அறிஞர் ஹிட்டோஷி கிஹாராவின் குழு வகுத்த வழி இது. வாழைக்குக் காடு செய்ததையே இவர்கள் வத்தகைக்குச் செய்தார்கள்.

11. கொத்து ரொட்டிக்குள் மூன்று புற்கள்

கோதுமைக்கு 42 நிறமூர்த்தங்கள், ஆறு தொகுதிகள். மேற்காசியாவின் மூன்று காட்டுப்புல் இனங்கள் இரண்டு கட்டமாகக் கலந்து பிறந்தது அது. மாவைப் பிசையும்போது இழுபட்டு வரும் தன்மைக்குக் கடைசியாக வந்துசேர்ந்த புல்லின் பங்கு பெரிது. அந்தப் புல்லை 1944இல் அடையாளம் கண்டவர்களில் கிஹாராவும் ஒருவர்.

12. பெரஹராக் கச்சான்

எசல பெரஹரா பார்க்க வருவோர் கைகளில் கச்சான் சரை இல்லாமல் இராது. கச்சான் தென்னமெரிக்காவின் இரண்டு காட்டு இனங்கள் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்குள் கூடிப் பெற்ற பிள்ளை: 20ம் 20ம் சேர்ந்து 40. அந்தப் பெற்றோரில் ஒன்றான அராக்கிஸ் இபாயென்சிஸ் பொலிவியாவில் மிகச் சிறிய ஒரு பகுதியிலேயே கண்டெடுக்கப்பட்டது. உலகமெல்லாம் பரவிய பயிரின் ஒரு பக்கத்துப் பாட்டி அத்தனை அரிதாகிவிட்டாள்.

13. உருளைக்கிழங்குக்குத் தக்காளி உறவு

நுவரெலியா, வெலிமடைக் கிழங்குக்கு நான்கு தொகுதிகள். வியப்பு அதற்கும் முந்தியது. உருளைக்கிழங்கு வம்சம் முழுவதுமே ஏறத்தாழ 90 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காளியின் முன்னோரும், கிழங்கே இல்லாத எட்டியூபரோசம் என்னும் செடிக் கூட்டத்தின் முன்னோரும் கலந்து தோன்றியது என்று 2025இல் ஓர் ஆய்வு காட்டியது. கிழங்கு வைக்கத் தூண்டும் பரம்பரையலகு தக்காளிப் பக்கத்திலிருந்து வந்தது. நிலத்தடித் தண்டின் வளர்ச்சியை நடத்தும் பரம்பரையலகு மற்றப் பக்கத்திலிருந்து வந்தது. இரு பெற்றோருக்கும் கிழங்கு இல்லை. சேர்ந்தபோதுதான் கிழங்கு பிறந்தது.

14. எட்டுத் தொகுதிப் பழம்

நுவரெலியா ஸ்ட்ரோபெரி எண்மடியம், 56 நிறமூர்த்தங்கள். 1714இல் பிரெஞ்சுக்காரர் பிரேசியர் சிலியிலிருந்து கொண்டுவந்த பெரிய பழச் செடியும் வட அமெரிக்கச் செடியும் ஐரோப்பியத் தோட்டங்களில் அருகருகே நின்று கலந்தன. 1766இல் தாவரவியலாளர் டுஷேன் அதைக் கலப்பினம் என்று கண்டறிந்தார்.

15. தேசிக்காயின் குலம்

தேசிக்காய் ஒரு தனிக் குலமே அல்ல. கடாரங்காய் வகையைச் சேர்ந்த சிட்ரனும் பிலிப்பைன்ஸ் பக்கத்து மைக்கிராந்தா என்னும் காட்டு எலுமிச்சையும் கூடியது. தோடம்பழத்தில் ஜம்போலாவும் மண்டரினும் கலந்திருக்கின்றன. இங்கே தொகுதி இரட்டிக்கவில்லை. கலப்பு மட்டுமே நடந்து, ஒட்டும் விதையுமாக நிலைத்துவிட்டது.

16. தேயிலை: கலந்தும் மலடாகாத செடி

சீனத் தேயிலை பேராதனையில் 1824இல் நடப்பட்டது. அசாம் செடிகள் 1839இல் வந்தன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் வணிகத் தோட்டம் தொடங்கினார். சீனச் சிற்றிலையும் அசாம் பேரிலையும் ஒரே இனத்தின் இரு வகைகள், இரண்டுக்கும் 30 நிறமூர்த்தங்கள். எனவே கலப்பு தடையின்றி விதை தருகிறது. தேயிலைப் பூ தன் மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்காது. ஆகவே விதையிலிருந்து வளர்ந்த பழைய மலைகளில் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமான கலப்பு. கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல்கள் இந்த வேறுபாட்டை நாள்தோறும் தொடுகின்றன. தண்டு வெட்டி நட்ட வீ.பீ. மலைகளில் அது குறைந்துபோனது.

17. பன்னங்கள் சொன்ன மறுப்பு

பன்மடியம், அதாவது தொகுதிகள் இரண்டுக்கு மேல் பெருகியிருப்பது, குளிர்நாட்டுக்கே உரியது என்ற எண்ணம் முன்பு வலுவாக இருந்தது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஐரீன் மாண்டன் அம்மையார் இலங்கையின் பன்னங்களை எடுத்து நிறமூர்த்தங்களை எண்ணினார். வில்லியம் ஸ்லெட்ஜுடன் சேர்ந்து 1954இல் முடிவை வெளியிட்டார். பிரித்தானியப் பன்னங்களில் உள்ளதைவிட இலங்கைப் பன்னங்களில் பன்மடியத்தின் பங்கு கூடுதல். வெப்பமண்டலம் அசையாமல் நிற்கும் பழைய அருங்காட்சியகம் அல்ல, புதிய இனங்கள் உருவாகும் பட்டறை என்று நம் மலைப் பன்னங்கள் உலகத்துக்குச் சொல்லிவிட்டன. மாண்டனின் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

18. ஒரு கலத்தில் 1,260

மனிதனுக்கு 46 நிறமூர்த்தங்கள். ஒபியோகுளோசம் ரெட்டிகுலாட்டம் என்னும் சிறு பன்னத்துக்கு ஏறத்தாழ 1,260! திருவனந்தபுரத்தில் ஆபிரகாம், நினன் இருவரும் 1954இல் எண்ணிச் சொன்னார்கள். இந்தப் பன்னம் இலங்கையிலும் வளர்கிறது. இரட்டிப்பின் மேல் இரட்டிப்பாகச் சேர்ந்த கணக்கு அது.

19. ஜானகி அம்மாளின் கரும்பு

கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912இல் தொடங்கியது. இனிப்பான கரும்பை மெலிந்த காட்டு நாணற்கரும்புடன் கலந்து, வட இந்தியக் குளிரையும் தாங்கும் கோ 205 வகையை அங்கே உருவாக்கினார்கள். இன்றைய கரும்பில் நிறமூர்த்தங்கள் 100க்கும் மேல். தலச்சேரியில் 1897இல் பிறந்த இ.கே. ஜானகி அம்மாள் 1930களில் அங்கே கரும்பைச் சோளத்துடனேயே கலந்துபார்த்தார். 1945இல் பிரித்தானிய அறிஞர் டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்த் தாவரங்களின் நிறமூர்த்த எண்ணிக்கைத் தொகுப்பை வெளியிட்டார். பெண்ணுக்கு ஆய்வுகூடக் கதவு எளிதில் திறக்காத காலத்தில் அவர் செய்த பணி இது.

20. பாதி உண்மை சொல்லும் சாட்சி

கலப்பு நடந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இலையின் பச்சையவுருமணிக்கு எனத் தனி டிஎன்ஏ உண்டு. பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் அது தாய்வழி மட்டுமே வரும். கருவில் உள்ள டிஎன்ஏ இரு பக்கமும் வரும். இரண்டையும் கொண்டு தனித்தனிக் குலமரம் வரைந்தால், கலப்பினம் ஒன்றில் ஓரிடத்திலும் மற்றதில் வேறிடத்திலும் நிற்கும். அரபிக்காவின் பச்சையவுருமணி யூஜினியோயிடஸ் பக்கம் சாய்கிறது. ஆகவே அதுவே தாய். இரு மரங்களும் ஒத்துப்போகாதபோது அதைப் பிழை என்று ஒதுக்கக்கூடாது. அந்த முரண்பாடுதான் தடயம். அப்படிப்பட்ட இடங்களில் மரத்துக்குப் பதிலாக ஆய்வாளர் வலை வரைகிறார்கள்.

21. பூக்கும் செடி எல்லாமே இரட்டித்தவை

2011இல் வெளிவந்த ஆய்வொன்று இரண்டு பெரும் இரட்டிப்புகளைச் சுட்டியது. ஒன்று விதைத் தாவரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது, ஏறத்தாழ 31.9 கோடி ஆண்டுகளுக்கு முன். மற்றது பூக்கும் தாவரங்களுக்குப் பொதுவானது, 19.2 கோடி ஆண்டுகளுக்கு முன். மாவும் தென்னையும் நெல்லும் நாயுண்ணியும் அந்த வழிவந்தவை. ஒரு பரம்பரையலகுக்கு இரண்டு பிரதி இருந்தால் ஒன்று பழைய வேலையைப் பார்க்கும், மற்றது மாறி வேறு வேலையை ஏற்கலாம். இரட்டிப்பு நடந்துகொண்டும் இருக்கிறது: பூக்கும் தாவரங்களில் புதிய இனங்கள் தோன்றும் நிகழ்வுகளில் ஏறத்தாழ 15 வீதமும், பன்னங்களில் 31 வீதமும் தொகுதிப் பெருக்கத்துடன் சேர்ந்தே நிகழ்வதாக 2009இல் கணக்கிட்டார்கள்.

22. தொலைந்த பெற்றோரும் கன்னொறுவவின் குளிரறையும்

தென்னமெரிக்கக் காட்டு நெல் சிலவற்றில் ‘சி’, ‘டி’ என்ற இரு தொகுதிகள் கூடியிருக்கின்றன. ‘டி’ தொகுதியைத் தந்த முன்னோர் தனி இனமாக இன்று எங்கும் காணப்படவில்லை. பிள்ளைக்குள் மட்டுமே அது எஞ்சியிருக்கிறது. ‘சி’ தொகுதி கொண்ட நெல் இனங்களில் ஒன்று இலங்கைக்கே உரியது: உலர்வலயத்தில் வளரும் ஒரைசா ரைசோமாட்டிஸ். 1990இல்தான் அதற்குத் தனி இனமாகப் பெயரிட்டார்கள். பேராதனைப் பூங்காவுக்கு எதிரே, மகாவலியின் மறுகரையில் உள்ள கன்னொறுவ தாவர மரபு வளங்கள் நிலையம் நம் பயிர்களின் விதைகளையும் அவற்றின் காட்டுச் சொந்தங்களையும் குளிரறையில் பேணுகிறது.

குளிரறை மட்டும் போதாது. காட்டு வாழையும் காட்டு மிளகும் காட்டு ஈரப்பலாவும் நிற்கும் ஓடைக்கரைகளும் மலைச்சரிவுகளும் இருந்தால்தான் அடுத்த கலப்புக்கு இடமிருக்கும். திமோர் தீவில் தானாக முளைத்த ஒரு செடி உலகக் கோப்பிக்கு உதவியது. 1869இல் அப்படியொரு செடி கண்டியில் இருந்திருந்தால் நம் மலைநாட்டின் வரலாறே வேறாகியிருக்கலாம். பயன் தெரியாத காட்டுச் செடி என்று எதையும் வெட்டித் தள்ளுமுன், நம் பயிர்களில் எதற்கு அது சொந்தம் என்று ஒருமுறை கேளுங்கள். ஒரு பயிரைக் காப்பது என்றால் அதன் இரு பக்கத்துச் சொந்தங்களையும் காப்பதுதான்.